முனிக்கு ஒரு மாற்று

அலுவலகம்,
பிப்ரவரி 8

அன்புள்ள மருமகளுக்கு,

நலம்தானே? உன் அத்தைக்கு இருமல் விட்டுவிட்டது. என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. மற்றபடி குறையில்லை. வழக்கமாக நீ எழுதி நான் பதில் போடுவேன். இந்த முறை எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருப்பதால் முந்திக்கொள்கிறேன்.

நிலம் அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பது நம் அலுவலகத்தின் வேலை. அத்தனை அளவுகளும் படங்களும் ஒரே கணினிப் பெட்டியில் இருக்கின்றன. சன்னலோர மூலையில், மரப்பலகை மேல், பதினோரு வருடமாக ஒரே முனகலோடு உட்கார்ந்திருக்கிறது. யாரிடமும் பேசாது, தொடவும் எல்லாருக்கும் பயம். அதனால் இங்கே அதற்கு முனி என்று பெயர். அதில் ஓடும் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி. போட்டவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது முனியின் சேமிப்பு வட்டு உள்ளே தட்டுகிறது. மாற்றியாக வேண்டும். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வாரம் தவறாமல் வந்து, தன் கம்பெனியின் யுனிக்ஸ் இயங்குதளத்தை ஒப்பந்தத்தோடு போட்டுத் தருகிறேன் என்கிறார். பக்கத்து அச்சகத்துக்காரர் லினக்ஸ் என்கிறார். ஃப்ரீபிஎஸ்டியிலேயே புதிது வந்திருக்கிறது என்றும் கேள்வி. மூன்றும் ஒரே யுனிக்ஸ் வம்சம் என்றால், எதற்கு மூன்று? எது எனக்கு உதவும்?

உன் பல் ஆய்வகத்தில் கணினி வைத்துத்தான் செயற்கைப் பல் செதுக்குகிறீர்கள் என்று அத்தை சொன்னாள். ஆகவே நீயே விசாரித்து எழுது. வேறு யாரையும் இதற்காகத் தொந்தரவு செய்ய வேண்டாம். போனில் கேட்டால் என்ன என்பாய். போனில் சொன்னது காற்றோடு போகும். தொழில் விஷயம் காகிதத்தில் இருக்க வேண்டும். தவிர, உங்கள் வீட்டுப் போனை எப்போதும் நீதான் எடுப்பாய் என்று நிச்சயமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


வீடு,
பிப்ரவரி 21

மதிப்புக்குரிய மாமாவுக்கு வணக்கம்.

இங்கே இருவரும் சுகம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அத்தையைக் கேட்டால் "அவரு எங்க உக்காருறாரு" என்கிறார்.

நீங்கள் கேட்டதை நானேதான் உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்த விதத்தில், எங்கள் தொழில் பாஷையில் சொல்கிறேன்.

லினக்ஸ் என்பது உண்மையில் நடுவில் இருக்கும் கரு மட்டும்தான். அதைச் சுற்றி வெவ்வேறு ஆட்கள் செய்த கருவிகளைச் சேர்த்து, ஒவ்வொரு குழுவும் ஒரு தொகுப்பாக்கித் தருகிறது. டெபியன் அப்படி ஒன்று, உபுண்டு இன்னொன்று. பல் ஒரு பட்டறையில், ஈறு வேறொரு பட்டறையில், வாயில் பொருத்துவது மூன்றாவது ஆள் என்பது போல. நல்ல ஆள் பொருத்தினால் கடிக்கும்போது வித்தியாசமே தெரியாது. ஃப்ரீபிஎஸ்டியில் பல்லும் ஈறும் ஒரே பட்டறை. அதனால் ஒரு அடக்கம் இருக்கும். ஆனால் லினக்ஸுக்குத்தான் புழக்கம் அதிகம். புதிய அச்சு இயந்திரம், புதிய மென்பொருள் எது வந்தாலும் பெரும்பாலும் முதலில் அதற்குத்தான் வரும். இந்த இரண்டையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். டை கட்டியவரின் யுனிக்ஸில் பழுது வந்தால் அவரே வந்து பார்ப்பார். அவர் கடையைச் சாத்தினால் நாமும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

முடிவு சொல்லும் முன் சில விவரம் தேவை. அங்கே ஒரே நேரத்தில் எத்தனை பேர் படங்களைத் திறப்பார்கள்? பெரிய தாளில் அச்சடிக்கும் இயந்திரம் எந்த வருடத்தது? முனியின் முதுகில், மஞ்சள் நாடா சுற்றிய மின்சார வயர் இன்னும் இடது துளையில்தான் இருக்கிறதா? வலது துளைக்கு யாராவது மாற்றியிருந்தால் அதுதான் வட்டுச் சத்தத்துக்குக் காரணமாகவும் இருக்கலாமாம்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
மருமகள்


அலுவலகம்,
மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒத்தடம் நடக்கிறது, அத்தை சொல்வதை அப்படியே நம்பாதே.

ஒரே நேரத்தில் படங்களைத் திறப்பவர்கள் ஐந்து பேர். அச்சு இயந்திரம் போன வருடத்தது. மஞ்சள் நாடா வெளுத்துப் பாதி உரிந்திருந்தாலும், இடது துளையில்தான் இருக்கிறது. இந்த அலுவலகத்துக்குள் நீ ஒரு தடவைகூட வந்ததில்லை, ஆனாலும் நன்றாகவே விசாரித்திருக்கிறாய்.

டை கட்டியவர் நேற்று மறுபடி வந்தார். முனியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சார், இதெல்லாம் செத்த சிஸ்டம். மியூசியத்துல வைக்கணும்."

"பதினோரு வருஷத்துல ஒரு நாள் தானா நின்னதில்ல. உங்க கார் நின்னிருக்கா?"

"அது வேற சார்."

"போன வாரம் எங்க வாசல்லயே நின்னுச்சு. எங்க ஆளுங்கதானே தள்ளிவிட்டாங்க."

அவர் முகம் சுண்டிப் போய்விட்டது. அவரை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபின், நான் ஏன் அந்தப் பெட்டிக்கு வக்காலத்து வாங்கினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இன்னொரு விஷயத்தையும் எழுதிவிட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பாலத்தின் அளவுகள் மொத்தமாக அழிந்தன. மாதக் கடைசியில் எடுத்த நகல் மட்டுமே இருந்தது. இருபத்துமூன்று நாள் வேலை போயிற்று. சேற்றில் இறங்கி, மழையில் நின்று, திரும்ப அளந்தோம். அது யாரால் நடந்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். மறுபடி அப்படி நடக்காதபடி எதில் வழி இருக்கிறது? அதையே வாங்கிக்கொள்கிறேன்.

நலமாக இரு.

மாமா


வீடு,
மார்ச் 16

மதிப்புக்குரிய மாமாவுக்கு வணக்கம்.

நலம், நலமறிய ஆவல். இங்கே எனக்கு மட்டும் இரண்டு நாள் சளி. கஷாயம் என்ற பெயரில் ஒருவர் கொதிக்கவைத்துக் கொடுத்ததைக் குடித்ததில், பயந்துபோய் சளி ஓடிவிட்டது.

நீங்கள் கேட்டதற்கு வழி இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியோடு கூடவே வரும் ஒரு கோப்பு அமைப்பு உண்டு. நாம் சொல்லிவைத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, உள்ளே இருப்பதையெல்லாம் அந்த நொடியில் இருந்தது இருந்தபடி உறையவைத்து ஒதுக்கிக்கொள்ளும். ஸ்னாப்ஷாட் என்பார்கள். யார் கை தவறி எதை அழித்தாலும், போன மணி நேரத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். லினக்ஸிலும் அதைச் சேர்த்துக்கொள்ள முடியும், ஆனால் அது வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்துவது. இதில் உடன்பிறந்தது.

ஆகவே என் யோசனை: அளவுகளை வைத்திருக்கும் பெட்டிக்குப் புதிய ஃப்ரீபிஎஸ்டி. படம் வரைகிறவர்களின் மேசைக்கு லினக்ஸ், அதிலும் டெபியன். அடிக்கடி முகத்தை மாற்றிக்கொள்ளாது, உங்கள் அச்சு இயந்திரமும் அதோடு பேசும். ஒரே வீட்டில் இரண்டு சுபாவம் இருக்கக்கூடாது என்று சட்டம் இல்லையே.

பாலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாமா, உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்கு வந்து அட்சதை போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நீங்கள் கிளம்பியபோதுதான் ஏதோ இருக்கிறது என்று புரிந்தது. கேட்டுப் பார்த்தேன். அந்தப் பேச்சை எடுத்தால் போதும், இங்கே ஒருவர் எழுந்து போய் பால்கனியில் காயும் துணியை மடிக்க ஆரம்பித்துவிடுவார். ஈரத் துணியாக இருந்தாலும் மடிப்பார்.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மருமகள்


அலுவலகம்,
ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

சளி முழுவதும் போயிற்றா? இங்கே எல்லாரும் சுகம், முனியைத் தவிர.

உன் யோசனையை அலுவலகத்தில் வைத்தேன். எங்கள் வரைவாளர் பெண்ணை எல்லாரும் சின்னக்கோடு என்று கூப்பிடுவார்கள், அத்தனை மெல்லிய கோடு போடுவாள். அவள் மட்டும், "சார், மேக் வாங்கலாமே, அதுவும் யுனிக்ஸ் வம்சம்தானே" என்றாள். எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருக்கிறாள். "முதல்ல இருக்கற மெஷின்ல டெபியன் போட்டுப் பாரு, பிடிக்கலேன்னா பேசலாம்" என்றேன். அவளே போட்டாள். முதல் நாள் அச்சு இயந்திரம் வெறும் தாளைத் துப்பியது. இரண்டாம் நாள் ஒரு தெருவைத் தலைகீழாக அடித்தது. மூன்றாம் நாள் சரியாக வந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இதுவே போதும்" என்றாள். மேசைக் கணினிகளுக்கு லினக்ஸ் என்பது முடிந்துவிட்டது.

ஆனால் போன செவ்வாய் காலை முனி நாற்பது நிமிடம் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு புதிய சாலையின் படங்களை வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். ஏழு பேரும் வேலையை விட்டுவிட்டு அந்த மூலையைச் சுற்றி நின்றோம், ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பது போல. பிறகு தானாக முனக ஆரம்பித்தது.

இனித் தள்ளிப்போட முடியாது. எல்லாவற்றையும் புதிய வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். ஒவ்வொரு படியாக எழுதி அனுப்பு. இதற்கு முனியின் தலைமைக் கடவுச்சொல் வேண்டுமாம். அது இங்கே யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் எங்கேனும் பழைய காகிதங்களுக்கு நடுவில் எழுதிவைத்த சீட்டு கிடைக்கிறதா என்று தேடிப் பார். அவசரம்.

மாமா


வீடு,
ஏப்ரல் 9

மதிப்புக்குரிய மாமாவுக்கு வணக்கம்.

நலம் விசாரிப்பதை இந்த ஒரு தடவை சுருக்கிக்கொள்கிறேன், மன்னியுங்கள். தபால் கிளம்ப அரை மணி நேரம்தான் இருக்கிறது.

கடவுச்சொல் சீட்டு இதோடு இருக்கிறது. நல்லவேளையாக, தேடியதும் கிடைத்துவிட்டது. நகலெடுக்கும் முறையைத் தனித்தாளில், நீங்கள் தட்ட வேண்டிய வரிகளோடு எழுதியிருக்கிறேன். முதலில் படங்கள், பிறகு அளவுகள், கடைசியில் ஒவ்வொருவரின் கணக்கு. ஒவ்வொன்றும் முடிந்ததும் இரண்டு பக்கமும் எத்தனை கோப்பு என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் அடுத்தது. நகல் முடிகிறவரை முனியை அணைக்க வேண்டாம். ஒரு தடவை உறங்கினால் எழுந்திருப்பார் என்ற உறுதி இல்லை.

முக்கியமான ஒன்று. ஒவ்வொருவரின் கணக்கிலும் பெயர் புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புகள் சில இருக்கும். அவை வெறும் குப்பை. நகலெடுக்க வேண்டாம், திறந்து பார்க்கவும் வேண்டாம். குறிப்பாக உங்கள் கணக்கில் உள்ளதை. இந்த வரிக்கு அடிக்கோடு போடச் சொன்னா... போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போட்டிருக்கிறேன்.

முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள், மாமா.

அன்புடன்,
மருமகள்


வீடு,
மே 20

மதிப்புக்குரிய மாமாவுக்கு வணக்கம்.

என் கடிதம் போய் ஆறு வாரம் ஆகிறது. உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அத்தையை போனில் கேட்டேன். "அவரு ஆபீஸ் விட்டு வந்தா நாற்காலியில உக்காந்தபடியே இருக்காரு. என்னாச்சுன்னா, ஒண்ணுமில்லங்கறாரு. சாப்பாட்டுல உப்பு இல்லேன்னாகூடச் சண்டை போடல. எனக்குப் பயமா இருக்கு" என்கிறார்.

நகலெடுக்கும்போது எல்லாம் போய்விட்டதா? போயிருந்தால் அது நான் எழுதியனுப்பிய முறையின் தப்பு, உங்களுடையது இல்லை. இங்கே ஒருவர் வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை தபால் வராது என்று தெரிந்தும் பார்க்கிறார். எதுவாக இருந்தாலும் எழுதிவிடுங்கள்.

மருமகள்


அலுவலகம்,
மே 27

அன்புள்ள மருமகளுக்கு,

உங்களைக் கவலைப்பட வைத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு கோப்பும் போகவில்லை. நீ எழுதிய முறையில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஏப்ரல் பதினெட்டாம் தேதி மதியத்துக்குள் எல்லாம் புதிய வட்டுக்கு வந்துவிட்டது. மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் ஒரே எண்ணிக்கை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் தொழில் உனக்குத் தெரியும். ஒரு நிலத்தில் இந்த மூலையை அளக்காதே என்று சொன்னால், முதலில் அங்கேதான் போவேன். என் கணக்கில் புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பைத் திறந்தேன்.

அது நான் அந்தப் பெட்டியில் இதுவரை தட்டிய கட்டளைகளின் பட்டியல். நான் அதில் உட்கார்வதே அபூர்வம் என்பதால் மொத்தமே இருபது இருபத்தைந்து வரிதான். ஒவ்வொரு வரிக்கு மேலேயும் ஒரு நீண்ட எண். என்ன எண் என்று புரியாமல் சின்னக்கோட்டைக் கேட்டேன். "சார், அது நேரம். வினாடியில இருக்கு" என்று சொல்லி, அதைத் தேதியாக மாற்றவும் காட்டிக் கொடுத்தாள்.

ஒரு வரியின் தேதி, பாலத்து அளவுகள் அழிந்த தேதி. மாலை ஆறு பத்து.

அன்று நான் பாலத்தின் கோப்புறைக்குள் போய், 'ஓல்ட்' என்று தொடங்கும் பழைய வரைவுகளை மட்டும் அழிக்க நினைத்தேன். 'ஓல்ட்' என்று எழுதி, ஒட்டியபடி ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். அந்தச் சொல்லுக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் என் கட்டைவிரல் பட்டு ஒரு இடைவெளி விழுந்திருக்கிறது. இடைவெளி விட்டால் அர்த்தமே வேறு. ஓல்டையும் அழி, இங்கே இருக்கும் எல்லாவற்றையும் அழி என்று ஆகிவிடும். பெட்டி, 'ஓல்ட் என்று ஒன்று இல்லை' என்று மட்டும் பதில் சொன்னது. அது இப்போதும் நினைவிருக்கிறது. சரி, யாரோ முன்பே அழித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, சட்டையை உதறிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, ஏழு பேர் முன்னால் உன் கணவனைப் பார்த்து நான் சொன்னது இது: "வீட்டுப் பிள்ளையாச்சேன்னு சாவியைக் கையில குடுத்தேன். இனிமே இந்த ஆபீஸ் படியேறாதே." அவன் ஏதும் பேசாமல் சாவியை என் மேசையில் வைத்தான். பேசாமல் இருந்ததையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் ஒரு வாரம் இது மட்டும்தான் என்னை அரித்தது. பிறகுதான் இன்னொன்று உறைத்தது. திறக்காதீர்கள் என்று சொன்னவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. ஆமாம், எழுதியது நீ, சொன்னது யார் என்று எனக்கு மஞ்சள் நாடாவிலிருந்தே தெரியும். கடவுச்சொல் சீட்டில் இருந்தது அவன் கையெழுத்து. ஏழுக்குக் குறுக்குக் கோடு போடப் பழக்கியது நான்தான்.

இனி இந்தத் தாளை அவனிடம் கொடு.

தம்பி, தப்பு என்னுடையது. அதை உன் தலையில் கட்டி உன்னை வெளியே அனுப்பினேன். ஆறு வருடம் உன் அம்மா போனில் உன்னோடு பேசும்போதெல்லாம் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். நேற்றுக் காலை ஒன்பதரைக்கு எல்லாரையும் கூப்பிட்டேன். அன்று இருந்தவர்களில் ஐந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். அந்த வரியைத் திரையில் காட்டி, இதைச் செய்தது நான், அவன் இல்லை என்று சொன்னேன். அளவுச் சங்கிலி பிடிக்கும் பெரியவர் மட்டும், "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திரும்ப எடுக்க முடியும். உன்னிடம் சொல்ல இந்தக் காகிதம்தான் இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

அப்பா


வீடு,
ஜூன் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா என்று கேட்டு எழுதி எவ்வளவு காலமாகிறது. நாலு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அதனால் கோர்வையாக இருக்காது.

அன்று காலை நான் எட்டு மணிக்கே வந்துவிட்டேன். கோப்புறை காலி. யார் என்று பார்த்தேன், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. நீங்கள் வந்ததும் அறைக்குக் கூட்டிப்போய்த் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் யாரோ உங்களுக்கு வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் கத்திக்கொண்டே உள்ளே வந்தீர்கள். ஏழு பேர் முன்னால், "இல்லப்பா, நீங்கதான்" என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் யாருடைய அளவையும் நீங்கள் எப்படித் திருத்துவீர்கள்?

இது பாதிதான் உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம். ஒரு வார்த்தை, "என்னடா ஆச்சு" என்று கேட்டிருக்கலாம் நீங்கள். தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வரியை அழிக்க எனக்கு ஒரு நொடி போதும், வேண்டுமென்றேதான் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு வருடம், மூன்று வருடம் என்று காத்திருந்தேன். அப்புறம் உங்களுக்கு வயதாகிறது என்று அம்மா சொல்லச் சொல்ல, கண்டுபிடிக்காமலே இருக்கட்டும் என்று வேண்ட ஆரம்பித்தேன். அதனால்தான் திறக்காதீர்கள் என்று எழுதச் சொன்னேன். நீங்கள் எதையாவது திறக்காமல் விடும் ஆள் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

என் பங்கும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு நகல் போதும் என்று தீர்மானித்தவன் நான்தான். தினமும் எடுத்திருந்தால் ஒரு நாள் வேலையோடு போயிருக்கும், நீங்கள் மழையில் நின்றிருக்க வேண்டாம்.

மன்னிப்பு என்றெல்லாம் நீங்கள் எழுதியதைப் படித்து, அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பால்கனியில் நின்றேன். துணி எதுவும் மடிக்கவில்லை என்று உங்கள் மருமகள் எழுதச் சொல்கிறாள்.

புதிய பெட்டியை நீங்களே போட வேண்டாம். எனக்கு ஜூலை முதல் வாரம் விடுப்பு கிடைக்கும். வரட்டுமா?

உங்கள் மகன்

மாமா, இந்த வீட்டில் நான்கு மாதமாகப் பல்லை விட அதிகமாகக் கணினியைப் பற்றிப் பேசி வாய் வலிக்கிறது. இனிமேல் நீங்கள் நேராக அவரிடமே கேளுங்கள். வரட்டும் என்று மட்டும் உடனே தந்தி மாதிரி எழுதிவிடுங்கள். — மருமகள்


அலுவலகம்,
ஜூன் 10

வரட்டும். காலை வண்டியில் வரச் சொல். நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

மாமா


வீடு,
ஜூலை 9

அன்புள்ள மருமகளுக்கு,

நீ வரவில்லை என்று அத்தைக்குக் குறை. ஆய்வக வேலை முடிந்ததும் அடுத்த முறை நீயும் வர வேண்டும். இங்கே அனைவரும் நலம் என்று இந்தத் தடவை முழு மனதோடு எழுதுகிறேன்.

நிலையத்தில் அவனைக் கண்டதும் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். கடைசியில் பேசியது இவ்வளவுதான்.

"கால் எப்படிப்பா இருக்கு?"

"இருக்கு."

"பெட்டி?"

"அதுவும் இருக்கு."

அவன் பையை நான் வாங்கப் போக, அவன் விடாமல் இழுக்க, இரண்டு பேரும் ஆளுக்கொரு பிடியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தோம். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

அலுவலகத்தில் அவன் படியேறியதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சங்கிலி பிடிக்கும் பெரியவர் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார், அன்புதான். மூன்று நாள் தரையில் உட்கார்ந்து வேலை செய்தான். நான் டார்ச் பிடித்தேன். "கொஞ்சம் இடது பக்கம்ப்பா, கண்ணுல அடிக்குது" என்று இரண்டு தடவை அதட்டினான். புதிய பெட்டியில் ஃப்ரீபிஎஸ்டி, மேசைகளில் டெபியன், நீ எழுதியபடியே.

நேற்று எல்லாம் முடிந்ததும், அனைவரையும் சுற்றி நிற்க வைத்துவிட்டு என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னான்.

"அப்பா, சாலைப் படம் மொத்தத்தையும் அழிங்க."

"எதுக்குடா விளையாடறே?"

"அழிங்கப்பா. இடைவெளி விட்டே தட்டுங்க."

தட்டினேன். ஐந்து மாத வேலை, ஒரு நொடியில் காலி. சின்னக்கோடு கண்ணை மூடிக்கொண்டாள். அவன் என் தோளுக்கு மேல் குனிந்து, தட்ட வேண்டிய வரியைச் சொன்னான். தட்டினேன். நீ எழுதியிருந்த அந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒவ்வொரு படமாகத் திரும்பி வந்து நின்றது. மூன்று தடவை எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. எண்ணி முடிக்கும் வரை அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. மருமகளே, ஆறு வருடமாக என் நெஞ்சில் ஏதோ உட்கார்ந்திருந்தது என்பதே, அது எழுந்து போனபோதுதான் தெரிந்தது.

நாளை மறுநாள் அவன் அங்கே வந்துவிட வேண்டியது. ஆனால் இன்று காலை அத்தையிடம், "நெட்வொர்க் கார்டு ஒண்ணு சந்தேகமா இருக்கும்மா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்த்துட்டுத்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கார்டை நானும் சின்னக்கோடும் நேற்றே மூன்று தடவை சோதித்துவிட்டோம். அதில் ஒரு குறையும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்காதே.

மாமா